வன்னியிலிருந்து கரீபியன் கடலுக்கு: ஓய்வுபெற்ற தம்பதிகளுக்கு ஒரு கப்பல் பயண வழிகாட்டி

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் தாதியரும் கனடாவில் இருக்கும் பிள்ளைகளிடம் போகும்போது, இப்போதெல்லாம் அந்தப் பயணத்துக்குள் இன்னொரு பயணமும் வந்து சேர்கிறது: ஒரு கிழமை கரீபியன் கப்பல். பிள்ளைகள் ஆசையோடுதான் பதிவு செய்கிறார்கள். ஆனால் அவர்கள் கையில் இருப்பது கனடாக் கடவுச்சீட்டு. முழங்காலும் நாற்பது வயது முழங்கால். இலங்கைக் கடவுச்சீட்டும் அறுபத்தைந்து வயதும் உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு. விசாவில் ஒரு பிழை இருந்தால் மியாமித் துறைமுகத்தில் கப்பலில் ஏறவிடமாட்டார்கள், கட்டின காசும் திரும்பாது. கரையில் ஒரே நாளில் மூன்று இடம் பார்க்க ஓடினால் கால் பிசகும், அல்லது கப்பல் போய்விடும். ஆகவே கடதாசி வேலை எல்லாவற்றுக்கும் முதல். அதற்குப் பிறகு, ஒரு துறைமுகத்துக்கு ஒரே ஒரு இடம். மற்றதெல்லாம் இந்த இரண்டையும் சுற்றித்தான்.

எந்த மாதம்

கரீபியனில் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஓகஸ்ட் நடுவிலிருந்து ஒக்ரோபர் நடுவரை உச்சம். அந்த மாதங்களில் கட்டணம் மலிவாகத் தெரியும். ஆனால் புயல் வந்தால் கப்பல் வழியை மாற்றும், துறைமுகத்தைத் தவிர்க்கும். ஒப்பந்தப்படி அதற்கு நட்டஈடு கேட்க முடியாது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வானம் வெளித்திருக்கும், வெயில் எங்கள் ஊர் மாசி மாத வெயிலுக்கு மேல் போகாது.

அதே மாதங்களில்தான் வன்னியிலும் வேலை. இரணைமடுவின் கீழோ வேறு குளத்தின் கீழோ வயல் செய்பவர்களுக்குக் காலபோக அறுவடை தை கடைசியிலிருந்து பங்குனி வரை நிற்கும். ஓய்வூதியம் எடுப்பவர்கள் ஆண்டுதோறும் கொடுக்கவேண்டிய உயிர்வாழ்ச் சான்றிதழை ஆண்டின் தொடக்கத்திலேயே கேட்பார்கள். அதைக் கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்திப் பிரதேச செயலகத்து ஓய்வூதியக் கிளையில் ஒப்படைத்துவிட்டு வெளிக்கிடுங்கள். வெளிநாட்டில் நிற்கும்போது அந்தச் சான்றிதழ் போகாமல் விட்டால் ஓய்வூதியம் தடைப்படலாம். திரும்ப ஓட வைப்பது சில்லறை வேலை அல்ல. மார்ச் நடுப்பகுதியில் ஒன்ராறியோப் பாடசாலைகளுக்கு விடுமுறை, கப்பலில் விலையும் சனமும் கூடும். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் மார்ச் கடைசிக் கிழமை, அல்லது சித்திரைப் புத்தாண்டு கழிந்த ஏப்ரலின் பின்பாதி பொருத்தமானது. உயிர்த்த ஞாயிறு வரும் கிழமையை மட்டும் தவிருங்கள். வைகாசியில் வரும் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு ஊரில் நிற்கவேண்டும் என்பவர்களுக்கும் ஏப்ரல் பயணம் கைகொடுக்கும்.

கடதாசிகள்

கனடாக் குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்கு அமெரிக்கா போக விசா தேவையில்லை. அதனால் அம்மா அப்பாவுக்குத் தேவை என்பது பலருக்கு நினைவிலேயே வருவதில்லை. மியாமி, ஃபோர்ட் லோடர்டேல், போர்ட் கனவெரல் ஆகிய எந்தத் துறைமுகத்திலிருந்து ஏறினாலும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அமெரிக்கச் சுற்றுலா விசா, அதாவது பி1/பி2, கட்டாயம். அதுவும் பல தடவை நுழையக்கூடியதாக இருக்கவேண்டும். கப்பலில் ஏற அமெரிக்காவுக்குள் போவது ஒரு நுழைவு. கரீபியன் தீவுகளைச் சுற்றிவிட்டு மியாமிக்குத் திரும்புவது இன்னொரு நுழைவு. கனடா விசாவும் அப்படியே பல தடவைக்கானதாக இருந்தால்தான் ரொறன்ரோவுக்குத் திரும்பலாம். விசாவில் நுழைவு எண்ணிக்கை என்ற கட்டத்தை நீங்களே வாசித்துப் பாருங்கள்.

ஒழுங்கு இதுதான். முதலில் கடவுச்சீட்டு: பயணம் முடிந்து ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாகவேண்டும். வன்னியில் இருப்பவர்கள் பத்தரமுல்லை வரை போகாமல் வவுனியாவில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களப் பிராந்திய அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழோ விவாகச் சான்றிதழோ தொலைந்திருந்தால் அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். அடுத்தது கனடா விசா, கைரேகை கொழும்பில். பெற்றோருக்கான சூப்பர் விசா எடுத்தால் ஒரு தடவையில் 5 ஆண்டு வரை தங்கலாம். அதற்குக் குறைந்தது ஒரு இலட்சம் கனடிய டொலர் மருத்துவக் காப்புறுதி வேண்டும். மூன்றாவது அமெரிக்க விசா: டி.எஸ்.-160 என்ற இணையப் படிவம், ஆளுக்கு 185 அமெரிக்க டொலர் விண்ணப்பக் கட்டணம், கொழும்புத் தூதரகத்தில் நேர்முகம். கனடாவுக்குப் போய் அங்கிருந்து அமெரிக்க விசா எடுக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். சொந்த நாட்டில் எடுப்பதே சரியான வழி. நேர்முகத்துக்குத் திகதி கிடைக்க மாதங்கள் ஆகலாம்.

டி.எஸ்.-160 படிவத்தை முகவர் நிரப்பினாலும் ஒவ்வொரு கேள்விக்கும் என்ன பதில் போகிறது என்று உட்கார்ந்து பாருங்கள். கையொப்பம் உங்களுடையது. படிவத்தில் ஒன்றும் நேர்முகத்தில் வேறொன்றும் சொன்னால் உண்மையைச் சொன்னவரும் பொய்யர் ஆகிவிடுவார். அமெரிக்கச் சட்டம் விண்ணப்பிக்கும் எவரையும் அங்கேயே தங்க வருபவராகத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும். திரும்பி வருவோம் என்பதைக் காட்டவேண்டியது உங்கள் பொறுப்பு. ஓய்வூதிய அட்டை, வங்கிப் புத்தகம், காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், ஊரில் இருக்கும் மற்றப் பிள்ளைகளின் விபரம், கப்பல் பதிவின் பிரதி எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வையுங்கள். கேட்டால் மட்டும் எடுத்துக் கொடுங்கள். தமிழில் பேசுவது வசதி என்றால் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். தெரியாத ஆங்கிலத்தில் தடுமாறுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இனித் தீவுகள். ஒவ்வொரு தீவும் தனி நாடு அல்லது வேறொரு நாட்டின் ஆட்சிப் பகுதி. மெக்சிக்கோவின் கொசுமெல் தீவுக்குச் செல்லுபடியான அமெரிக்க விசா இருந்தால் தனி விசா வேண்டாம். புவேர்ட்டோ ரிக்கோவின் சான் யுவான் நகரும் செயின்ற் தோமஸ் தீவும் அமெரிக்க ஆட்சிப் பகுதிகளில் உள்ளவை, அதே விசா போதும். மற்றத் தீவுகள் கப்பல் பயணிகளுக்கு வைத்திருக்கும் விதிகள் தீவுக்குத் தீவு வேறு. பதிவு செய்யும் முன் மகனோ மகளோ கப்பல் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டு, "இலங்கைக் கடவுச்சீட்டு, இன்ன திகதி, இன்னின்ன துறைமுகங்கள்" என்று எழுதி, எழுத்திலேயே பதில் வாங்கவேண்டும். ஒரு துறைமுகத்துக்கு விசா இல்லையென்றால் "அந்தத் தீவில் மட்டும் இறங்காமல் கப்பலில் இருப்போம்" என்பது சில வேளை நடக்காது. பயணம் முழுவதற்கும் ஏறவிடாமல் மறிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. விசா கையில் வரும்வரை திருப்பித் தரக்கூடிய முற்பணத்தோடு மட்டும் பதிவு செய்யுங்கள். முழுக் காசும் கட்டவேண்டிய நாள் பெரும்பாலும் புறப்படுவதற்கு 75 முதல் 90 நாள் முன்பு வரும்.

பெயர்ச் சிக்கல் எங்கள் ஆட்களுக்கே உரியது. தகப்பன் பெயர் முன்னுக்கு, சொந்தப் பெயர் பின்னுக்கு, மனைவிக்குச் சில வேளை தகப்பன் பெயரே நிற்கும், சில வேளை கணவன் பெயர். கப்பல் பதிவிலும் விமானச் சீட்டிலும் விசாவிலும் பெயர் கடவுச்சீட்டில் அச்சடித்தபடி, எழுத்துக்கு எழுத்து இருக்கவேண்டும். பிள்ளைகள் வீட்டில் கூப்பிடும் பெயரையோ சுருக்கிய பெயரையோ போட்டுவிடுவார்கள். கடவுச்சீட்டின் படத்தை அனுப்பி, அதைப் பார்த்தே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். கணவன் மனைவிக்கு வேறு வேறு குடும்பப் பெயர் என்றால் விவாகச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று கையில் இருக்கட்டும்.

கப்பலும் அறையும்

பெரிய கப்பல் ஆடுவது குறைவு, நடை அதிகம். 2024 இல் மியாமியிலிருந்து ஓடத் தொடங்கிய ஐகன் ஒஃப் த சீஸ் ஏறக்குறைய 365 மீற்றர் நீளம். அதில் அறை ஒரு நுனியில், சாப்பாட்டு மண்டபம் மறு நுனியில் என்றால் ஒரு நாளில் பல தடவை அந்தத் தூரம் நடக்கவேண்டும். முழங்கால் நோ உள்ளவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், மின்தூக்கிக்கு அருகே அறை கேளுங்கள். நடுவும் கீழ்த்தளமுமாக இருந்தால் ஆட்டமும் குறையும். மேல்தளத்து முன்முனை அறைதான் அலையில் அதிகம் ஏறி இறங்கும். "அறையைக் கப்பலே தெரிவு செய்யும்" என்ற மலிவுச் சீட்டில் இந்தத் தெரிவு போய்விடும். அந்தச் சில டொலரை மிச்சம் பிடிக்கவேண்டாம்.

யன்னல் இல்லாத உள்ளறை மலிவு. ஆனால் இரவா பகலா என்று தெரியாது. விடிய நாலு மணிக்கு எழும்பிப் பழகியவர்களுக்கு அது மனச்சோர்வு தரும். பல்கனி அறைக்குக் கொடுக்கும் மேலதிகக் காசு வீண்போகாது. சூரியன் கடலிலிருந்து எழும்புவதை வெளியே போகாமலே பார்க்கலாம், ஈரத் துவாயையும் அங்கே காயவிடலாம். குளியலறை வாசலில் ஒரு படி உயரம் இருக்கும், இரவில் தடுக்கும். சிறிய இரவு விளக்கு ஒன்று கொண்டுபோங்கள். சக்கர நாற்காலி உள்ளே போகவேண்டுமானால் சாதாரண அறை சரிவராது, மாற்றுத்திறனாளிகளுக்கான அறையைப் பதிவின்போதே கேட்கவேண்டும். அவை கெதியாய் முடிந்துவிடும்.

மருந்தும் காப்புறுதியும்

பிரஷர்க் குளிசை, சீனி வருத்தக் குளிசை, இன்சுலின் எல்லாம் கைப்பையில். பெரிய பெட்டியை ஏறும்போது வாங்கிக்கொண்டு போய் மாலையில்தான் அறை வாசலில் வைப்பார்கள். மருந்து அதற்குள் இருந்தால் அன்றைய மதியக் குளிசை இல்லை. கிளினிக் கொப்பியை மட்டும் நம்பாமல், மருந்தின் பொதுப் பெயரும் அளவும் ஆங்கிலத்தில் எழுதி வைத்தியர் கையொப்பமிட்ட ஒரு கடிதம் எடுங்கள். கிளினிக்கில் சின்னக் கடதாசிப் பையில் போட்டுத் தரும் குளிசைகள் எல்லையில் கேள்விக்கு வரும். மருந்தகத்தில் பட்டையோடு, பெயர் அச்சடித்தபடி வாங்கிக் கொண்டுபோவது நல்லது. பயண நாட்களுக்கு மேல் பத்து நாளுக்குக் காணக்கூடியதாக இருக்கட்டும்.

மார்ச் நடுவுக்குப் பிறகு ரொறன்ரோவும் மியாமியும் இலங்கையைவிட 9½ மணித்தியாலம் பின்னால் நிற்கும், குளிர்காலத்தில் 10½. ஊர் நேரக் குளிசையை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்பதை, முக்கியமாக இன்சுலின் போடுபவர்கள், ஊரிலேயே வைத்தியரிடம் எழுதி வாங்கவேண்டும். கப்பல் அறையின் குளிர்ப்பெட்டி போதிய குளிர் தராமலும் இருக்கலாம். இன்சுலினுக்கு என்று சொல்லி, பாவித்த ஊசிகளைப் போடும் பாதுகாப்புப் பெட்டியையும் சேர்த்துக் கேளுங்கள்.

கடல் மயக்கத்துக்கு ஊரில் கிடைக்கும் சினரிசின் குளிசையைக் கப்பல் ஆடத் தொடங்கிய பிறகு போட்டுப் பிரயோசனம் இல்லை, முன்பே போடவேண்டும். நித்திரைத் தூக்கம் தரும். புரஸ்டேற், கண் அழுத்தம், நடுக்கம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

கப்பலில் வைத்தியர் இருப்பார். ஆனால் ஒவ்வொரு பார்வைக்கும் அறைக் கணக்கில் டொலரில் ஏறும். நெஞ்சு நோ என்று ஹெலிகொப்டரிலோ விமானத்திலோ மாற்றவேண்டி வந்தால் பல பத்தாயிரம் டொலர். சூப்பர் விசாவுக்கு எடுத்த காப்புறுதி கனடாவுக்கானது. அமெரிக்காவையும் கரீபியனையும் கடலையும் அது மூடுகிறதா, ஏற்கனவே உள்ள வருத்தங்களை ஏற்கிறதா என்று பிள்ளைகள் கேட்டு எழுத்தில் வாங்கவேண்டும். மூடவில்லையென்றால் மருத்துவ இடமாற்றத்தோடு தனிக் காப்புறுதி. இந்தச் செலவில் கைவைக்கவே வேண்டாம்.

சாப்பாடு

பட்டினி கிடக்க வேண்டிவரும் என்று பயப்படத் தேவையில்லை. பெரிய நிறுவனங்களின் கப்பல்களில் மரக்கறிச் சாப்பாடு நாளாந்தம் உண்டு, இந்திய மரக்கறியும் பலவற்றில் கிடைக்கும். முதல் நாள் இரவே சாப்பாட்டு மண்டபத் தலைமைப் பரிசாரகரிடம் "நாளைக்கு இந்திய மரக்கறி" என்று சொல்லிவைத்தால் அடுத்த நாளிலிருந்து தனியாகச் சமைத்து வரும். வெள்ளிக்கிழமை விரதம் என்றால் வியாழன் இரவே சொல்லுங்கள். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் சூப்பிலும் குழம்பிலும் மாட்டெலும்புச் சாறு இருக்கிறதா என்று கேட்கவேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடம் அதுதான்.

உறைப்புத்தான் குறை. கடையில் அடைத்து முத்திரையிட்ட மிளகாய்த்தூள், ஊறுகாய், பருத்தித்துறை வடை ஆகியவற்றை அளவாகக் கொண்டுபோகலாம். அமெரிக்கச் சுங்கத்தில் உணவுப் பொருள் இருக்கிறது என்று தவறாமல் சொல்லுங்கள். சொல்லாமல் பிடிபட்டால்தான் தண்டம். பச்சைக் கறிவேப்பிலை, பழம், இறைச்சி கொண்டுபோகக் கூடாது. கறிவேப்பிலை தோடைச் செடிகளை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சியைக் கொண்டுவரும் என்பதால் அங்கே மிகக் கண்டிப்பு. கருவாட்டை ரொறன்ரோவிலேயே விட்டுவிடுங்கள்.

சோறு வடிக்கும் மின்பானை, மின்கேத்தல், இஸ்திரிப்பெட்டி எல்லாம் கப்பலில் தடை. ஏறும்போது எடுத்துவைத்து இறங்கும்போதுதான் தருவார்கள். விளக்கு, கற்பூரம், சாம்பிராணி, மெழுகுதிரி எதுவும் கொளுத்த முடியாது. கடலில் தீ என்பது மிகப் பெரிய ஆபத்து. அறையில் சிறிய படமும் திருநீறும் செபமாலையும் வைத்து வணங்கலாம். தேத்தண்ணிக்குச் சுடுநீர் எந்நேரமும் கிடைக்கும். நல்ல தேயிலையும் ரொறன்ரோவில் வாங்கிய பால்மாவும் கையில் இருந்தால் போதும். மது அருந்தாதவர்கள் குடிபானப் பொதி வாங்கவேண்டாம்.

கப்பலில் பரவும் வயிற்றோட்டத்துக்குப் பெரும்பாலும் நொரோ வைரசுதான் காரணம். கைக்குத் தடவும் அற்ககோல் களி அதற்கு அவ்வளவாக வேலை செய்யாது. கையால் சாப்பிடுபவர்கள் ஒவ்வொரு தடவையும் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவவேண்டும்.

உடுப்பும் நகையும்

வெளியே வெயில், உள்ளே குளிரூட்டி. ஆளுக்கொரு சுவெற்றரும் கழுத்துத் துணியும் வேண்டும். ஒன்றிரண்டு இரவுகளில் நல்ல உடுப்புக் கேட்பார்கள், சேலையும் வேட்டி சட்டையும் தாராளமாக எடுபடும். கரைக்கு, பின்பட்டி உள்ள, வழுக்காத ரப்பர் அடிச் சப்பாத்து. பாட்டா செருப்போடு ஈரக் கல்லில் இறங்கக் கூடாது. பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒன்று: இராணுவ உருமறைப்பு நிறத் துணி பார்படோஸ், ஜமேக்கா, செயின்ற் லூசியா, கிரெனடா போன்ற நாடுகளில் பொதுமக்கள் அணிவது சட்டப்படி குற்றம். தொப்பி, பை கூட ஆகாது.

பாரமான தாலிக்கொடியை ஊர் வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டு மெல்லிய சங்கிலியோடு போங்கள். கடலில் குளிக்கும்போது கழன்றால் தேட வழியில்லை.

ஏறும் நாள்

ரொறன்ரோவிலிருந்து கப்பல் புறப்படும் நாளில் பறக்கவேண்டாம். பனியால் விமானம் பிந்தினால் கப்பல் நிற்காது. முதல்நாளே போய் மியாமியில் ஓர் இரவு தங்குங்கள். அமெரிக்கக் குடிவரவுச் சோதனை ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்திலேயே நடக்கும். வரிசை நீளம், முன்கூட்டியே போகவேண்டும். சக்கர நாற்காலி உதவியை விமான நிறுவனத்திடம் இரண்டு நாள் முன்பாவது பதிந்துவிடுங்கள். நடக்கக்கூடியவர்கள் வெட்கப்படத் தேவையில்லை, நீண்ட வரிசையில் நிற்பதுதான் முழங்காலைக் கெடுக்கும்.

கப்பலில் ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். உங்கள் அட்டையில் எழுதியிருக்கும் ஒன்றுகூடும் இடத்துக்குப் போய்ப் பதியவேண்டும். பிள்ளைகள் தொலைபேசியில் காணொளி பார்த்து முடித்துவிட்டாலும், நீங்கள் படிக்கட்டு வழியாக அந்த இடத்துக்கு ஒரு தடவை நடந்து பாருங்கள். அவசரத்தில் மின்தூக்கி ஓடாது. ஏழு குறுகிய ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் கேட்டால் அதுதான் ஆபத்துச் சைகை.

கரைச்சுற்று

இங்கேதான் பிள்ளைகளின் திட்டத்தை மெல்லத் திருத்தவேண்டும். ஒரு துறைமுகத்தில் கப்பல் நிற்பது ஏழெட்டு மணித்தியாலம் என்று எழுதியிருக்கும். இறங்கும் வரிசை, சோதனை, திரும்பி ஏறும் வரிசை, முன்னெச்சரிக்கை நேரம் எல்லாம் கழிந்தால் கையில் நாலைந்து மணித்தியாலம். அதில் ஒரு இடம், ஒரு சாப்பாடு, ஒரு ஓய்வு. அவ்வளவுதான்.

கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்று விலை கூடியது, பெரும்பாலும் ஆளுக்கு 50 முதல் 150 டொலர். ஆனால் அந்த வாகனம் பிந்தினால் கப்பல் காத்திருக்கும். வெளியாரிடம் எடுத்த சுற்றுக்கோ சொந்தமாகப் பிடித்த ரக்சிக்கோ காத்திருக்காது. தூர இடத்துக்குப் போனால் கப்பல் சுற்று, துறைமுகத்துக்குப் பக்கம் என்றால் சொந்தமாக, இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். சொந்தமாகப் போனால் கடைசியாக ஏறும் நேரத்துக்கு இரண்டு மணித்தியாலம் முன்பே துறைமுகத்தில் நிற்கவேண்டும். ரக்சியில் ஏறமுன் மூன்று கேள்வி: அமெரிக்க டொலரா, ஆளுக்கா வாகனத்துக்கா, ஒரு வழியா இரு வழியா.

கடிகாரம் தனியாகச் சொல்லவேண்டிய விடயம். கப்பல் தன் நேரத்தையே வைத்திருக்கலாம், தீவு வேறு நேரத்தில் இருக்கும். மார்ச் இரண்டாம் ஞாயிறுக்குப் பின் மியாமி ஒரு மணித்தியாலம் முன்னே போய்விடும். கொசுமெல், ஜமேக்கா, கேமன் ஆகியன மாற்றுவதில்லை, ஆகவே அவை மியாமிக்கு ஒரு மணித்தியாலம் பின்னால். தொலைபேசி தானாகத் தீவு நேரத்துக்கு மாறி, "இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கு" என்று பொய் காட்டும். கையில் கட்டும் பழைய மணிக்கூட்டைக் கப்பல் நேரத்துக்கு வைத்து, அதை மட்டும் பாருங்கள். இறங்கும்போது வாசலில் எழுதியிருக்கும் ஏறும் நேரத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனித் துறைமுகங்கள். பஹாமாசின் நசோவில் கோட்டையும் அடிமைகள் பாறையில் வெட்டிய அரசியின் படிக்கட்டும் நடந்து போகும் தூரம். ஆனால் படிகள் 65. கீழே நின்று பார்த்துவிட்டு, கோட்டைக்கு ரக்சியில் மேலே போகலாம்.

பழைய சான் யுவான் எங்கள் தெரிவில் முதலிடம். எல் மொரோ கோட்டை 16 ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் தொடங்கியது, 1983 இல் யுனெஸ்கோ மரபிடம். துறைமுகத்திலிருந்து ஏற்றம், நீலக் கல் பாவிய தெரு, மழை பெய்தால் வழுக்கும். மேலே ரக்சியில் போய், கோட்டையைப் பார்த்து, கீழ்நோக்கி மெதுவாக நடந்து வாருங்கள். எதிர்ப்பக்கமாகப் போனால் பாதியில் மூச்சு முட்டும்.

செயின்ற் தோமசில் திறந்த சவாரி லொறிகள் ரக்சியாக ஓடும், ஏறும் படி உயரம். முன் இருக்கை கேளுங்கள். மேகன்ஸ் பே கடற்கரைக்குப் போகும் வழியில் மலைமேல் நின்று துறைமுகத்தைப் பார்க்கும் இடமே போதும். செயின்ற் மார்ட்டினின் மாஹோ கடற்கரையில் விமானங்கள் தலைக்குமேல் இறங்குவதைப் பார்க்கலாம். புறப்படும் விமானத்தின் பின்னால் வேலியருகே நிற்கவேண்டாம். 2017 இல் ஒரு பயணி காற்று வீச்சில் தூக்கி எறியப்பட்டு இறந்தார். அதிகம் நடக்க முடியாதவர்களுக்கு அதே தீவின் பிலிப்ஸ்பேர்க் நகரின் கடலோரச் சமதள நடைபாதை நல்லது.

கேமன் தீவில் பெரிய கப்பல் கரையைத் தொடாது, சிறு படகில் மாறவேண்டும், பெலீசிலும் அப்படியே. கப்பலும் படகும் வேறு வேறு தாளத்தில் ஏறி இறங்கும். பணியாளர் கையைப் பிடிக்கச் சொன்னபின், அவர் சொல்லும் கணத்தில் மட்டும் காலை வையுங்கள். இரண்டு கையும் வெறுமையாக, பை முதுகில். அலை கூடினால் இறக்கமே நிறுத்தப்படும். கேமனின் திருக்கை மீன் மேட்டில் தண்ணீர் இடுப்பளவுதான். கடற்கரை ஊரவர்களுக்குத் திருக்கை முள் எதுவென்று சொல்லத் தேவையில்லை. அங்கே காலைத் தூக்கி வைக்காமல் மணலில் இழுத்து நடக்கவேண்டும், அப்போதுதான் மிதிபடாமல் விலகிப்போகும்.

கொசுமெலிலிருந்து துலும் மாயன் இடிபாடுகளுக்குப் போக மறுகரைக்குப் படகில் முக்கால் மணித்தியாலம், பிறகு பேருந்தில் ஒரு மணித்தியாலம், நிழலில்லாத வெயில். வயதானவர்களுக்கு அது வேண்டாம். தீவுக்குள்ளேயே சான் கெர்வாசியோ இடிபாடுகள் உண்டு, சிறியவை, மரநிழல் உள்ளவை. ஜமேக்காவின் டன்ஸ் ரிவர் அருவியை அடியிலிருந்து ஏறுவது ஏறத்தாழ 180 மீற்றர் வழுக்குப் பாறை. பிள்ளைகள் ஏறட்டும், பக்கத்தில் கைபிடி உள்ள படிக்கட்டில் நின்று பார்க்கலாம்.

தெற்கு வழிக் கப்பல் என்றால் பார்படோசின் ஹரிசன்ஸ் குகைக்குள் மின் வண்டியில் இருந்தபடியே போய்வரலாம். குராசோவின் வில்லெம்ஸ்டாட்டில் 1888 முதல் நிற்கும் மிதக்கும் பாலமும் சமதள நகரமும் முழங்காலுக்கு இதம். செயின்ற் லூசியாவின் பிற்றோன் மலைகளுக்கு வளைவு வளைவான வீதி தலைசுற்றும், படகில் போகும் சுற்றைத் தெரிவு செய்யுங்கள்.

குவாதலூப்பும் மார்ட்டினிக்கும் உங்கள் பட்டியலில் இருந்தால் விடாதீர்கள். 1850களிலிருந்து புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். பெரும்பாலோர் மொழியை இழந்துவிட்டார்கள், மாரியம்மனையும் மதுரைவீரனையும் இழக்கவில்லை. குவாதலூப்பின் கபெஸ்தேர்-பெல்-ஓ ஊரில் சாங்கி கோயிலின் கோபுரம் வீதியோரமே தெரியும். ரக்சிச் சாரதியிடம் "சாங்கி கோயில்" என்று எழுதிக் காட்டினால் போதும். சந்தையில் கொலம்போ என்று விற்கும் மஞ்சள் நிறச் சரக்குத்தூளை முகர்ந்து பாருங்கள். வற்றாப்பளையில் மடை பரவுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஒரு நிறுத்தம் மற்ற எல்லாக் கடற்கரைகளையும்விடப் பெறுமதியானது. அங்கே யூரோதான் காசு.

கரைக்கு எடுத்துப் போகவேண்டியவை சிறிது: கப்பல் அட்டை, கடவுச்சீட்டின் பிரதி, கப்பலின் துறைமுக முகவர் தொலைபேசி எண், ஒரு நேரக் குளிசை, தண்ணீர், சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இனிப்பு, சில்லறை டொலர். அசல் கடவுச்சீட்டு அறைப் பெட்டகத்தில் இருக்கட்டும், தீவு அதைக் கேட்டால் தவிர. கப்பலின் பழமோ பாணோ கரைக்குக் கொண்டுபோகக் கூடாது.

காசும் தொலைபேசியும்

கப்பலுக்குள் காசு ஓடாது, எல்லாம் அறை அட்டையில் ஏறும். பிள்ளைகளின் கடன் அட்டையோடு இணைத்துவிடுங்கள். பணியாளர் அன்பளிப்பு ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 முதல் 21 டொலர் தானாகச் சேரும், சீட்டு விலையில் இல்லாத செலவு இது. ஏறிய உடனே தொலைபேசியை விமான நிலைக்கு மாற்றுங்கள். கடலில் கப்பலின் கோபுரத்தைத் தொலைபேசி பிடித்துக்கொண்டால் ஒரு நிமிடப் பேச்சுக்கே பெருந்தொகை வரும். ஊருக்கு ஐமோவிலோ வட்சப்பிலோ பேச, குடும்பத்துக்கு ஒரு வைஃபைப் பொதி போதும்.

கடைசி இரவு

பெரிய பெட்டிகளை அன்றிரவே அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள், விடியும் முன் எடுத்துப்போய்விடுவார்கள். மறுநாள் உடுப்பு, சப்பாத்து, மருந்து, பற்கட்டு, கடவுச்சீட்டு எல்லாவற்றையும் முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் பெட்டியைப் பூட்டவேண்டும். உடுப்பு முழுவதையும் அனுப்பிவிட்டு இரவு உடுப்போடு நிற்பவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் உண்டு. அறைக் கணக்கை அன்றிரவே வாசித்து, பிழை இருந்தால் வரவேற்பு மேசையில் சொல்லுங்கள். காலையில் வரிசை நீளம்.

மியாமியில் இறங்கும்போது அமெரிக்கக் குடிவரவு மறுபடியும் கைரேகையும் படமும் கேட்கலாம். அமெரிக்கக் குடிமக்களும் கனடியரும் கெதியாய்ப் போவார்கள், உங்களுக்கு நேரம் எடுக்கும். ரொறன்ரோ விமானத்தை மதியம் ஒரு மணிக்கு முன் போடவேண்டாம் என்று பிள்ளைகளிடம் பதிவின்போதே சொல்லிவிடுங்கள். மிளகாய்த்தூள், கொலம்போத் தூள் என்று மிச்சம் இருக்கும் உணவுப் பொருளைக் கனடாச் சுங்கத்திலும் சொல்லவேண்டும்.